பன்றி விற்பனை ஒழுங்குமுறை: பண்ணைக்கும் பேக்கன் ஆலைக்கும் நடுவே அரசு

பன்றி வளர்ப்பவரிடமிருந்து பேக்கன் ஆலை பன்றியை வாங்கும்போது விலை, தரம், எண்ணிக்கை, பணம் தரவேண்டிய நாள் ஆகியவற்றைச் சட்டத்தின் வழியே அரசு வரையறுப்பது பன்றி விற்பனை ஒழுங்குமுறை எனப்படும். 1930களில் பிரிட்டனும் அயர்லாந்தும் இதை முழு வீச்சில் செய்து பார்த்தன. அமெரிக்கா 1921லேயே வேறொரு வழியில் தொடங்கிவிட்டது. இந்தியாவின் கதை வேறு. இங்கே ஆலைக்கு உரிமம் உண்டு, இறைச்சிக்கூடத்துக்கு விதி உண்டு, நோய்க்குத் தனிச் சட்டம் உண்டு. பன்றியை ஓட்டி வருபவருக்கும் அதை வாங்குபவருக்கும் இடையிலான பேரத்தில் மட்டும் அரசு ஏறத்தாழத் தலையிட்டதே இல்லை. மத்திய அரசு தலையிட்ட ஒரே பெரிய முயற்சியும் டெல்லியின் எல்லைச் சாலைகளில் ஓராண்டுக்கு மேல் நீடித்த போராட்டத்தில் அடிபட்டுப் போனது.

பேக்கன் என்பது பன்றியின் முதுகு அல்லது வயிற்றுப் பகுதிக் கறியை உப்பிட்டும் பல வேளைகளில் புகையூட்டியும் பதப்படுத்துவது. தொடைக் கறியை இப்படிப் பதப்படுத்தினால் ஹாம். இரண்டுக்கும் எல்லாப் பன்றியும் ஆகாது. கொழுப்பு மெலிந்த, உடல் நீண்ட, உயிர் எடை 90 முதல் 100 கிலோவுக்குள் நிற்கும் வெண்பன்றிதான் ஆலைக்கு வேண்டும். அதனால்தான் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர், லேண்ட்ரேஸ் போன்ற இனங்கள் உலகெங்கும் பரவின. எடை கூடக்கூடக் கொழுப்பும் ஏறும், ஆலை விலையைக் குறைக்கும். எடை ஏறுமுன் விற்றால் சாதாரணக் கறிக்கடை விலைதான். ஆலை கேட்கும் எடையில் பன்றி நிற்பது சில வாரங்கள் மட்டுமே. அந்த வாரங்களில் ஆலை "இப்போது வேண்டாம்" என்று கையை விரித்தால் தீவனச் செலவு விவசாயியின் தலையில் விழும். பேரத்தில் யார் கை ஓங்கியிருக்கும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பன்றிச் சுழற்சி

தாய்ப்பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். வளர்ப்பவர்கள் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று கணக்கு வைப்பார்கள். ஓர் ஈற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள். குட்டி ஆலைக்குரிய எடைக்கு வர ஆறு முதல் எட்டு மாதம். விலை நன்றாக இருக்கிறதே என்று இன்று ஒருவர் தாய்ப்பன்றிகளைக் கூட்டினால், அதன் பலன் சந்தைக்கு வர ஒரு வருடம் ஆகிவிடும். அதற்குள் பக்கத்து ஊர்க்காரரும் அதையே செய்திருப்பார். வரத்து குவியும், விலை சரியும், பலரும் தாய்ப்பன்றியையே விற்றுவிட்டு ஒதுங்குவார்கள், மறுபடி தட்டுப்பாடு வரும். ஜெர்மானியப் பொருளியலாளர் ஆர்தர் ஹானாவ் 1920களின் இறுதியில் இந்த ஏற்ற இறக்கத்தைப் புள்ளிவிவரங்களோடு ஆராய்ந்தார். அதற்குப் பன்றிச் சுழற்சி என்ற பெயர் நிலைத்தது.

இதை வைத்துப் பொருளியலாளர்கள் ஒரு எளிய கோட்பாட்டைக் கட்டினார்கள். இன்றைய விலையே நாளையும் இருக்கும் என்று விவசாயி நம்பி ஏமாறுகிறார் என்பது அதன் சாரம். 1935இல் ரொனால்ட் கோஸும் ஆர். எஃப். ஃபவுலரும் பிரிட்டனின் பேக்கன் உற்பத்திக் கணக்கை எடுத்துக்கொண்டு இதை மறுத்தார்கள். விவசாயிகள் அவ்வளவு அப்பாவிகள் அல்லர், தீவன விலையையும் வரும் காலத்தையும் கணித்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். 1991இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அதே கோஸ்தான் இவர். அவர் பன்றிக் கணக்குப் பார்த்ததற்கும் காரணம் இருந்தது. அப்போது பிரிட்டிஷ் அரசு அந்தச் சுழற்சியை அடக்கப் பெரிய சட்ட ஏற்பாடு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது.

1933: பிரிட்டனின் ஒப்பந்த முறை

1930களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் காலை உணவுத் தட்டில் இருந்த பேக்கனில் பெரும்பங்கு டென்மார்க்கிலிருந்து வந்தது. டென்மார்க் விவசாயிகள் 1887இலேயே ஹோர்சென்ஸ் நகரில் முதல் கூட்டுறவுப் பேக்கன் ஆலையைத் தொடங்கியிருந்தார்கள். தங்கள் உயிர்ப் பன்றிகளை ஜெர்மனி தடுத்துவிட்டதும், பன்றியைக் கறியாக்கி இங்கிலாந்துக்கு அனுப்புவது என்று திரும்பினார்கள். ஆலை அவர்களுக்கே சொந்தம். உறுப்பினராகச் சேர்ந்தவர் தன் பன்றிகளை அங்கேதான் கொடுக்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே ஆகிவிட்டதால் நடுவில் அரசுக்கு வேலை குறைவு.

பிரிட்டனில் அந்த வசதி இல்லை. விவசாயி ஒரு பக்கம், தனியார் ஆலை மறுபக்கம், இருவரையும் நெருக்கும் மலிவான இறக்குமதி. லேன்-ஃபாக்ஸ் தலைமையிலான ஆணையம் 1932இல் தந்த யோசனை துணிச்சலானது. நாட்டுக்கு ஆண்டொன்றுக்கு வேண்டிய பேக்கன் 1 கோடியே 6 லட்சத்து 70 ஆயிரம் அந்தர் (ஓர் அந்தர் 112 ராத்தல்) என்று முதலில் முடிவு செய்துவிட வேண்டும். உள்நாட்டு விவசாயிகள் ஆலைகளோடு எத்தனை பன்றிக்கு ஒப்பந்தம் போடுகிறார்களோ அதைக் கழித்து, மீதிக்கு மட்டும் இறக்குமதியை அனுமதிக்க வேண்டும். விவசாய அமைச்சர் வால்டர் எலியட் கொண்டுவந்த 1933ஆம் ஆண்டு வேளாண் விற்பனைச் சட்டம் இதற்கு வழி திறந்தது. வளர்ப்பவர்களுக்குப் பன்றி விற்பனை வாரியம், ஆலைகளுக்குப் பேக்கன் விற்பனை வாரியம் என இரண்டு அமைப்புகள் அதே ஆண்டு எழுந்தன.

பதிவு பெற்ற விவசாயி பதிவு பெற்ற ஆலைக்கு மட்டுமே, அதுவும் எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் மட்டுமே, பேக்கன் பன்றியை விற்கலாம். விலை சூத்திரத்தால் அமைந்தது. தீவன விலை ஏறினால் பன்றி விலை ஏறும், பேக்கன் விலை இறங்கினால் இறங்கும். அதன்மேல் எடை வகுப்புக்கும் முதுகுக் கொழுப்பின் தடிமனுக்கும் ஏற்பக் கூட்டலோ கழித்தலோ. இந்திய வாசகர் இதைப் பிடித்துக்கொள்ள நம் கரும்பைப் பார்த்தால் போதும். கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை 1966இன்படி மத்திய அரசு விலை நிர்ணயிக்கிறது, ஆலை 14 நாளில் பணம் தர வேண்டும், எந்த வயல் எந்த ஆலைக்கு என்றுகூட ஒதுக்கீடு நடக்கிறது.

பிரிட்டனின் பன்றி ஏற்பாடு ஓட்டையானது ஒரே இடத்தில். கட்டுப்பாடு பேக்கனுக்குப் போகும் பன்றிக்கு மட்டும்தான், புதுக் கறிக்காக விற்கும் பன்றிக்கு இல்லை. கறிக்கடை விலை ஏறியபோதெல்லாம் விவசாயிகள் ஆலையை விட்டுக் கடைக்காரரிடம் போனார்கள். 1937க்குப் போதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாகவே இல்லை, முறை நொறுங்கியது. 1938இல் பேக்கன் தொழில் சட்டம் என்று மானியத்தோடு மறுபடி கட்டினார்கள். அது வேர்பிடிக்குமுன் போர் வந்தது. உணவு அமைச்சகமே பன்றிகளை வாங்கத் தொடங்கியது, 1940 ஜனவரி 8 முதல் பேக்கன் ரேஷனில் போய்விட்டது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதவர் டென்மார்க் விவசாயி. பிரிட்டன் இறக்குமதியை வெட்டியதும் கோபன்ஹேகன் அரசு 1933இல் பன்றி அட்டை முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் இத்தனை அட்டை என்று ஒதுக்கீடு. அட்டையோடு வரும் பன்றிக்கு நல்ல விலை, அட்டை இல்லாததற்கு அடிமாட்டு விலை. ஒரு நாட்டின் வாரியம் இன்னொரு நாட்டின் கொட்டகையில் எத்தனை பன்றி நிற்கலாம் என்று தீர்மானித்த அபூர்வக் காட்சி அது.

அயர்லாந்தும் அமெரிக்காவும்

அயர்லாந்தின் 1935ஆம் ஆண்டு பன்றி, பேக்கன் சட்டம் பிரிட்டனைவிட நேரடியானது. ஆலைகளுக்கு உரிமம், உற்பத்திக்கு ஒதுக்கீடு, பன்றிக்கு வாரியம் குறிக்கும் விலை. பெரிய ஆலைகளுக்கும் விவசாயிக்கும் நடுவே ஊர்ச் சந்தைகளில் தலைமுறையாக நின்ற பன்றித் தரகர்களின் பிழைப்பில் இது கைவைத்தது. பன்றிக்கும் பேக்கனுக்கும் தனித்தனியாக அமைந்த இரண்டு வாரியங்களும் ஒத்துப்போகாத நிலையில் 1939ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைக் கலைத்து, பன்றி-பேக்கன் ஆணையம் என்ற ஒரே அமைப்பிடம் அதிகாரத்தை ஒப்படைத்தது.

அமெரிக்கா விலையைத் தொடவில்லை, நடத்தையைத் தொட்டது. ஐந்து பெரும் இறைச்சி நிறுவனங்கள் சந்தையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்ற விசாரணைக்குப் பின் வந்த 1921ஆம் ஆண்டுச் சட்டம், விவசாயியை ஏமாற்றும் நடைமுறைகளுக்கும் பாரபட்சத்துக்கும் தடை விதித்தது. 1976 திருத்தம் இன்னும் கூர்மையானது. வாங்கிய கால்நடைக்கு அடுத்த வேலைநாள் முடிவதற்குள் பணம் தரவேண்டும், நிறுவனம் திவாலானால் விவசாயியின் பாக்கி மற்றக் கடன்காரர்களுக்கு முந்தும். 1999இல் பெரிய நிறுவனங்கள் தாங்கள் கொடுக்கும் விலையை அரசுக்குத் தெரிவிப்பதும் கட்டாயமானது. விலையை நிர்ணயிக்காமல் விலையை ஊரறியச் செய்வது என்ற இந்த வழி, வாரிய முறைகளைவிட நீண்ட ஆயுள் பெற்றது.

இந்தியா: அரசே வாங்குபவராக

சுதந்திர இந்தியா ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் வேறு பாதையைத் தேர்ந்தது. விவசாயிக்கும் ஆலைக்கும் நடுவே நிற்பதற்குப் பதில் தானே ஆலை வைத்தது. உத்தரப் பிரதேசத்தின் அலிகர், மேற்கு வங்கத்தின் ஹரிங்கட்டா, ஆந்திரத்தின் கன்னவரம், பம்பாயின் போரிவலி, ராஞ்சி, கேரளத்தின் கூத்தாட்டுக்குளம் என்று அரசுப் பேக்கன் தொழிற்சாலைகள் எழுந்தன. வெளிநாட்டு இன ஆண்பன்றிகள் பண்ணைகளுக்கு வந்தன. நல்ல குட்டி, நல்ல பன்றி, உறுதியான ஆலை, நகரத்தில் விற்பனை என்று சங்கிலி முழுவதும் அரசின் கையில் இருக்கும் என்பது கனவு.

சங்கிலியின் நடுக்கண்ணிதான் அறுந்தது. ஆலைக்கு ஒரே எடையில், ஒரே தரத்தில், வாரந்தோறும் பன்றி வேண்டும். பன்றி வைத்திருந்தவர்களோ பெரும்பாலும் நிலமற்றவர்கள், இரண்டு மூன்று நாட்டுப் பன்றிகளை மேயவிட்டு, பணமுடை வந்தபோது விற்பவர்கள். அவர்களிடம் வந்த வியாபாரி வாசலிலேயே ரொக்கம் கொடுத்தார். அரசு ஆலை எடை போட்டு, தரம் பார்த்து, ரசீது எழுதியது. ராஞ்சியின் காங்கே ஆலை பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. தாக்குப்பிடித்த சிலவற்றில் ஒன்று கேரள அரசின் மீட் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1973இல் பதிவான இந்த நிறுவனம் எர்ணாகுளம் மாவட்டத்தில் கூத்தாட்டுக்குளம் அருகே எடையாரில் இயங்குகிறது. கேரளத்தில் பன்றிக்கறிக்கு வீட்டு வாடிக்கையாளர்கள் இருந்தது அதன் அதிர்ஷ்டம். ஹரிங்கட்டா பெயரும் கொல்கத்தாக் கடைகளில் இன்னும் வாழ்கிறது.

அதே 1973இல் மத்திய அரசு இறைச்சி உணவுப் பொருள் ஆணையை வெளியிட்டது. அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் 1955இன் கீழ் வந்த இந்த ஆணைப்படி உரிமம் இல்லாமல் எவரும் பேக்கனோ சாசேஜோ தயாரித்து விற்கக் கூடாது. தரை எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி, கால்நடை மருத்துவர் பன்றியை அறுப்பதற்கு முன்னும் பின்னும் எப்படிச் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்ன ஆணை, அந்தப் பன்றி என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்று ஒரு வரியும் கேட்கவில்லை. 2011இல் உணவுப் பாதுகாப்புச் சட்ட விதிகள் இதன் இடத்துக்கு வந்தன. அக்கறை மாறவில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் 22 பயிர்கள் உண்டு, கரும்புக்குத் தனி விலை உண்டு. எந்தக் கால்நடையும் அதில் இல்லை.

டெல்லியின் இடம்

புது டெல்லியில் 1921இல் கட்டப்பட்டது கோல் மார்க்கெட். புதுத் தலைநகரின் அரசு ஊழியர்கள் காய்கறியோடு மீனும் இறைச்சியும் வாங்கிய வட்டச் சந்தை அது. டெல்லி அன்றும் இன்றும் பேக்கனை வாங்கும் நகரம், பன்றியை வளர்க்கும் நகரம் அன்று. 1957ஆம் ஆண்டு டெல்லி மாநகராட்சிச் சட்டத்தின் பார்வையில் பன்றி முதலில் ஒரு சுகாதாரப் பிரச்சினை: வளர்க்க உரிமம் வேண்டும், தெருவில் திரிந்தால் பிடித்துப் போகலாம், அங்கீகரித்த இடத்துக்கு வெளியே அறுக்கக் கூடாது. பழைய ஈத்கா இறைச்சிக்கூடத்துக்குப் பதிலாகக் காஜிபூரில் வந்த பெரிய நவீனக் கூடமும் எருமைக்கும் ஆட்டுக்குமானது. நகரின் வறியவர்கள், குறிப்பாகத் துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்ட சமூகத்தவர், பன்றி வளர்ப்பைத் துணைத் தொழிலாக வைத்திருந்தார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் விற்பனையாளர்களாகத் தெரிந்ததே இல்லை.

ஆனால் பன்றி விற்பனைக்குச் சட்ட வடிவம் கொடுக்க முயன்றதும் இதே நகரத்திலிருந்துதான். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மூன்று வேளாண் சட்டங்களைப் பற்றிய விவாதம் முழுக்க நெல்லையும் கோதுமையையும் சுற்றியே நடந்தது. விளைபொருள் என்பதற்கு அவற்றில் இரண்டு சட்டங்கள் தந்த விளக்கத்தில் கோழி, ஆடு, மீன், பால் இவற்றோடு பன்றி வளர்ப்பின் பொருள்களும் இருந்ததைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. விலை உறுதி ஒப்பந்தத்துக்கான சட்டம், கால்நடையின் ஓர் உற்பத்திச் சுழற்சி முதல் ஐந்து ஆண்டு வரை எழுத்து ஒப்பந்தம் போட வழி செய்தது. விலையை, அல்லது விலை கணக்கிடும் முறையை, ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். விவசாயியின் நிலத்தின் மீது கை வைக்கக் கூடாது. தகராறு வந்தால் உட்கோட்ட நிர்வாக நடுவரிடம் போகலாம், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

இந்தக் கடைசி விதியும், பெரிய நிறுவனத்தோடு சிறு விவசாயி தனியாக நின்று பேசவேண்டும் என்பதும் சந்தேகத்தைக் கிளப்பின. பிரிட்டனின் 1933 திட்டத்தில் விவசாயிக்குப் பின்னால் வாரியம் இருந்தது, சூத்திர விலை இருந்தது. 2020 சட்டத்தில் ஒப்பந்தத் தாள் மட்டும்தான் இருந்தது. சிங்கு, டிக்ரி, காஜிபூர் எல்லைகளில் 2020 நவம்பர் இறுதியில் விவசாயிகள் அமர்ந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 12 அன்று சட்டங்களை நிறுத்திவைத்தது. நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் அவற்றைத் திரும்பப் பெற்றது. பன்றிக்கான ஒப்பந்த விதி எப்படி வேலை செய்திருக்கும் என்று பார்க்க வாய்ப்பே வரவில்லை.

தமிழ்நாடு: முன்னே வந்த சட்டம்

டெல்லிக்கு முன்பே சென்னை இதைச் செய்திருந்தது. வேளாண் விளைபொருள், கால்நடை ஒப்பந்தப் பண்ணையத்துக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2019இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றிய முதல் சில மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. முன்னதாக மத்திய அரசு 2018இல் தந்த மாதிரிச் சட்டத்தை அது பின்பற்றியது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், சந்தை விலை எப்படிப் போனாலும் பேசிய விலையைத் தர வேண்டும் என்பது அடிப்படை.

ஒப்பந்தம் தமிழ்நாட்டுப் பண்ணைகளுக்குப் புதிது அன்று. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் கறிக்கோழி வளர்ப்பவருக்கு நிறுவனமே குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும், வளர்ந்த கோழியை எடுத்துக்கொள்ளும், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கொடுக்கும். சந்தை விழுந்தால் நட்டம் நிறுவனத்துக்கு, கூலி போதவில்லை என்ற குறை பண்ணையாளருக்கு. கோழிக்கு ஆறேழு வாரத்தில் முடியும் சுழற்சி பன்றிக்கு ஓராண்டை நெருங்குகிறது. அவ்வளவு காலம் பணத்தை முடக்க எந்தப் பேக்கன் ஆலையும் இங்கு முன்வரவில்லை. காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வெண்பன்றி வளர்ப்பில் பயிற்சி தருகிறது, கேபிஎம் கோல்ட் என்ற ரகத்தையும் உருவாக்கியிருக்கிறது. ஓட்டல் மிச்சத்தை வாங்கித் தீவனச் செலவைக் குறைத்து, லாரியோடு வரும் வியாபாரியிடம் உயிர் எடைக்கு விற்பதுதான் பலருக்கும் வழி. அந்த லாரிகளில் கணிசமானவை கேரளத்துக்குப் போகின்றன.

நோயும் விலைப் பட்டியலும்

2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதன்முதலாக உறுதியானது. 2019 கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த 90 லட்சம் பன்றிகளில் 21 லட்சம் அசாமில் மட்டும் இருந்தன. மனிதருக்குத் தொற்றாத இந்த நோய்க்கு அப்போது இந்தியாவில் தடுப்பூசி இல்லை, அழிப்பதுதான் வழி. 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் உயிர் பெற்றது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளை அழிப்பது, பத்து கிலோமீட்டருக்குக் கண்காணிப்பு என்பது நடைமுறை. 2022 ஜூலையில் கேரளம் வெளிமாநிலப் பன்றிகளை எல்லையில் நிறுத்தியது, அதே மாதம் வயநாட்டின் மானந்தவாடியிலும் நோய் தெரிந்தது. தமிழ்நாட்டு லாரிகள் திரும்பின. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் நோய் கண்டறியப்பட்டது.

எந்த விற்பனைச் சட்டத்தாலும் வராத அரசு விலை இப்போது வந்தது. அழிக்கப்படும் பன்றிக்கு இழப்பீடு தர எடைவாரியான பட்டியல் இருக்கிறது. 15 கிலோ வரையுள்ள குட்டிக்கு 2,200 ரூபாய், 40 கிலோ வரை 5,800, 70 கிலோ வரை 8,400, 100 கிலோ வரை 12,000, அதற்கு மேல் 15,000. தொகையை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. வளர்ப்பவர் இறைச்சிக்கு விற்கும் பன்றிக்கு இப்படி ஒரு பட்டியல் இல்லை.

பிரிட்டனிலோ பன்றி ஒப்பந்தத்தில் அரசு தலையிட வேண்டுமா என்ற பழைய விவாதம் மறுபடி உயிர்பெற்றது. 2021, 2022இல் கசாப்புத் தொழிலாளர் பற்றாக்குறையால் ஆலைகள் ஒப்பந்தப் பன்றிகளை எடுக்கத் தாமதித்தன, ஆரோக்கியமான ஆயிரக்கணக்கான பன்றிகள் பண்ணையிலேயே கொல்லப்பட்டன. 2020ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின் கீழ் பன்றி ஒப்பந்தங்களுக்கு விதி வகுக்கலாமா என்று 2022இல் அரசு கருத்துக் கேட்டது. அதே சட்டத்தின் கீழ் பால் ஒப்பந்தங்களுக்கான விதிகள் 2024இல் வந்துவிட்டன.